மூங்கிலாற்றுத் தவளையின் மறுபாதி

பதினோராவது தவளையும் ஒத்துவரவில்லை.

மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். எந்த உயிருக்கும் மரபணுத் தொகுதி இரண்டு பாதியாகத்தான் இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. ஒரே இனம் என்றால் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். இந்தத் தவளையில் அப்படி இல்லை. ஒரு பாதி, இதுவரை எடுத்த பதினொரு தவளைகளிலும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தது. மறுபாதி ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் மஞ்சள் புதர்த்தவளையின் சாயல். இன்னொன்றில் ஓடைக்கரைப் புதர்த்தவளை. வேறொன்றில் காபிச் செடிகளில் இருக்கும் பச்சைத் தவளை. ஒரு தவளைக்குள் வேறொரு தவளை வந்து குடியிருப்பதுபோல.

உயிர்ப்பதிவு மையம் அவளுக்குக் கொடுத்திருந்தது இருபத்துநான்கு மாதம். அதில் பத்தொன்பது ஓடிவிட்டது.

முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மையம் ஆண்டுதோறும் ஆய்வு நல்கை தரும். ஒருவருக்கு ஓர் உயிரினம். அதன் மரபணுத் தொகுதியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இடைவெளியில்லாமல் படித்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் மையத்திலேயே நிரந்தர வேலை. மூன்றாவது முறை விண்ணப்பித்தபோதுதான் மங்கைக்குக் கிடைத்தது. வயது முப்பத்துநான்கு. கோவில்பட்டியில் அவளுடைய அம்மா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தாள். கிடைத்த உயிரினம் கட்டைவிரல் நகத்தளவு உள்ள ஒரு தவளை. ஆனைமலையில் மூங்கிலாறு எஸ்டேட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் அதை எடுத்து, முடிக்காமல் போயிருந்தார்கள். அதைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை. சின்னத் தவளைதானே என்று நினைத்தாள்.

எஸ்டேட்டின் பழைய மருந்தகம்தான் அவளுடைய ஆய்வுக்கூடம். கம்பெனி கைவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. நாற்பத்திரண்டு குடும்பங்கள் மட்டும் போகாமல் லயன் எனப்படும் வரிசை வீடுகளிலேயே தங்கி, தேயிலையைத் தாங்களே பறித்து, தாங்களே வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம் கோயம்புத்தூரிலிருந்து பேராசிரியர் கிருபாகரன் திரையில் வந்தார். மையத்தில் மங்கைக்கு மேற்பார்வையாளர் அவர்தான். எப்போதும் சாப்பிட்டு முடித்த கையோடுதான் கூப்பிடுவார்.

“என்னம்மா, பதினொண்ணு என்ன ஆச்சு?”

“அதேதான் சார். ஒரு பாதி சரியா வருது. இன்னொரு பாதி வேற எதோ தவளை. எனக்கு ஒண்ணும் புரியல சார். கருவியில ஏதாவது…”

“ரெண்டு தடவை கருவி மாத்திக் கொடுத்தாச்சு. இது கலப்படம்மா. ஒரே பஞ்சுக் குச்சியில ரெண்டு தவளையோட எச்சில். வேறென்ன இருக்க முடியும்?”

“பதினொண்ணுலயுமா சார்?”

“கவனம் இல்லேன்னா நூறுலயும் ஆகும். சாம்பிள் யார் எடுக்கறா? நீயா?”

மங்கை தயங்கினாள். “நம்ம உதவியாளர் சகாயக்கா எடுப்பாங்க சார். எனக்கு அந்தத் தவளை கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. அவங்க நின்ன இடத்துலருந்தே கண்டுபிடிச்சிருவாங்க.”

“அப்ப அங்கதான் பாரு,” என்றார் கிருபாகரன். “சீக்கிரம் பாரு. மேலிடத்துலருந்து என்னைக் கேக்கறாங்க.”

மேலிடம் ஏன் கேட்கிறது என்பது அடுத்த வாரமே தெரிந்தது. இரண்டு ஜீப்புகளில் ஆட்கள் வந்தார்கள். ஓடையின் குறுக்கே கயிறு பிடித்து அளந்தார்கள். தேயிலை வறுக்கும் கொட்டகையின் பின்னால், கோயில் வாசலில், லயன் வீடுகளுக்கு மேலே உள்ள மேட்டில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கற்களை நட்டார்கள். தண்ணீரை மேலே ஏற்றித் தேக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம். கற்களுக்குக் கீழே உள்ளதெல்லாம் நீர்.

அவர்களில் மூத்தவர் மருந்தகத்துக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

“உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன் மேடம். தவளைப் பதிவு எப்ப முடியும்?”

“அதுக்கும் உங்க வேலைக்கும்…” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“சட்டம் அதுதானே மேடம். அழியக்கூடிய உயிர் இருக்கற இடத்துல கை வைக்கக் கூடாது. பதிவு முழுசா முடிஞ்சிட்டா அந்த உயிர் காப்பாத்தப்பட்டதா அர்த்தம். அப்புறம் இடம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வேணும்னா லேப்ல திரும்ப உண்டாக்கிக்கலாம். பத்து வருஷமா இந்த ஒரு தவளைக்காக நிக்கறோம். நீங்க கையெழுத்துப் போட்டா மறுநாள் மெஷின் ஏறிடும்.”

மங்கைக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. நேர்முகத் தேர்வில் அதன் பிரிவுகளை மனப்பாடமாகச் சொன்னவள் அவள். ஆனால் அது ஏதோ ஒரு காட்டுக்கு, ஏதோ ஓர் உயிருக்கு என்றே மனதில் இருந்தது. நட்ட கல்லில் பெயிண்ட் காயாமல் வழிவதைப் பார்த்தபோது, இத்தனை மாதமாகத் தான் என்ன வேலை செய்துகொண்டிருந்தோம் என்பதே அவளுக்குக் குழம்பியது.

சகாயமேரியை அவள் மறுநாள் காலையில் இலை எடை போடும் கொட்டகையில் பார்த்தாள். நாற்பத்தேழு வயது. இருபது வருடம் கொழுந்து பறித்த விரல்கள். மங்கைக்கு உதவியாளராக மையம் நியமித்த ஆள். கூட்டமெல்லாம் எடை போட்டுப் போனபின் மங்கை நேராகவே கேட்டாள்.

“அக்கா, சாம்பிள்ல ஏதாவது கலந்தீங்களா?”

மறுப்பாள், அழுவாள், கோபப்படுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்துதான் வந்திருந்தாள். சகாயமேரி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“மூணு தடவை பண்ணேன் டாக்டரம்மா. குச்சியை நம்ம தவளை வாயில தடவிட்டு, பக்கத்துல இருந்த வேற தவளை வாயிலயும் தடவினேன்.”

“ஏன்க்கா?”

“இந்தத் தவளை இருக்கறதாலதான் நாங்க இங்க இருக்கோம்னு எனக்குப் போன வருஷம்தான் புரிஞ்சுது. சங்கத்துல ஒரு வக்கீல் வந்து சொன்னாரு. நீங்க அதை எழுதி முடிச்சிட்டா தவளையும் கிடையாது, நாங்களும் கிடையாது.”

“தவளை இருக்கும்க்கா. பதிவேட்டுல ஒரு எழுத்து விடாம இருக்கும். திரும்ப உண்டாக்கலாம்.”

“இதுவரைக்கும் எதையாவது அப்படி உண்டாக்கியிருக்காங்களா?”

சட்டம் வந்து பத்து வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் உயிர்கள் பதிவாகியிருந்தன. ஒன்றையும் யாரும் திரும்ப உண்டாக்கவில்லை.

“எங்களையும் அப்படி எழுதி வச்சுக்குவாங்களா டாக்டரம்மா?” என்று கேட்டாள் சகாயமேரி. அவள் கேலியாகக் கேட்கவில்லை. அப்படியும் ஒன்று இருக்குமோ என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“சரி, மூணுன்னு சொல்றீங்களே. பதினொண்ணும் கெட்டுக் கிடக்கு.”

“நான் மூணுதான் பண்ணேன்.”

“அக்கா, மத்த எட்டு?”

“மாட்டிக்கிட்டேன், ஒத்துக்கிட்டேன். இனிமே மூணுன்னா என்ன, பதினொண்ணுன்னா என்ன? நான் எதுக்குப் பொய் சொல்லணும்? உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன். அப்ப எனக்கு விஷயமே தெரியாது. சுத்தமாத்தான் கொடுத்தேன். அவங்களும் முடிக்காமத்தானே போனாங்க?”

எந்தெந்தத் தவளை என்று சகாயமேரி நாள் சொன்னாள். ஈஸ்டருக்கு மறுவாரம் ஒன்று. சங்கக் கூட்டம் நடந்த அன்று ஒன்று. பெரிய மழைக்கு மறுநாள் ஒன்று. மங்கை மருந்தகத்துக்குத் திரும்பிக் கணினியைத் திறந்தாள். நான்கு, ஏழு, ஒன்பது. அந்த மூன்றில் மட்டும் குழப்பம் இரண்டு மடங்காக இருந்தது; இரண்டு பாதிகளுக்குப் பதில் நான்கு பாதிகள் கிடந்தன. சகாயமேரி சொன்னது உண்மை. மற்ற எட்டிலும் அப்படிக் குப்பை எதுவும் இல்லை. இரண்டே பாதி. ஒன்று தெரிந்தது, ஒன்று தெரியாதது.

அது என்னவென்று அவள் அன்றே உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கத்தான் செய்தாள், ஆனால் யோசனை சிவப்புக் கற்களிடமே போய் நின்றது. மூன்றைக் கழித்துவிட்டு, புதிதாக நான்கைந்து தவளைகளை அவளே தன் கையால் எடுத்தால் எல்லாம் தெளிந்துவிடும். தெளிந்தால் முடிக்க வேண்டும். முடித்தால் கையெழுத்துப் போட வேண்டும்.

நான்கு நாள் கழித்து, மூடுபனி விலகாத ஒரு காலையில், பஞ்சுக் குச்சிகளோடு அவள் தனியாக ஓடைக்குப் போனாள். ஒன்றரை மணி நேரம் இலை இலையாகப் புரட்டினாள். கடைசியில் ஏலக்காய்ச் செடியின் அடியிலையில் அது உட்கார்ந்திருந்தது. பத்தொன்பது மாதத்தில் முதல் முறையாக அவளே கண்டுபிடித்த தவளை. உள்ளங்கையில் எடுத்தாள். எடையே இல்லை. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. தொடையின் உள்பக்கம் செங்காவி நிறம். குச்சியை உறையிலிருந்து உருவினாள். அதன் வாயருகே கொண்டுபோனாள்.

சுத்தமாக வந்துவிட்டால்?

வராவிட்டால் என்ன அர்த்தம் என்ற கேள்வி அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. சுத்தமாக வந்துவிடும் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அவள் தவளையைத் திரும்ப இலையிலேயே வைத்தாள். அது உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, பிறகு தாவியது.

அறிக்கையை இரண்டு நாளில் எழுதினாள். பதினொரு மாதிரிகளும் கலப்படம். மாதிரி எடுக்கும்போது தான் நேரில் இருக்கவில்லை, உரிய கவனம் எடுக்கவில்லை, முழுத் தவறும் தன்னுடையது. இந்தத் தரவு எதையும் இனி யாரும் பயன்படுத்தக் கூடாது. சகாயமேரியின் பெயர் எங்கும் வரவில்லை. மூன்று என்றும் அவள் எழுதவில்லை. மூன்று என்று எழுதினால் மீதி எட்டையும் வைத்து யாராவது முடித்துவிடக்கூடும்.

கிருபாகரன் அன்று சாப்பிடாமலே கூப்பிட்டார்.

“இதை அனுப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமாம்மா?”

“தெரியும் சார்.”

“எந்த நிறுவனமும் உன்னைச் சேர்த்துக்காது. தரவைக் கெடுத்தவள்னு பேர் ஆயிடும். சாம்பிள் போதலேன்னு எழுது, நான் ஆறு மாசம் நீட்டிச்சுத் தரேன். ஏன்மா இப்படி?”

“கெட்டுப்போச்சு சார். அதான் எழுதியிருக்கேன்.”

“உன்னை எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். நீ அப்படிக் கவனமில்லாம வேலை பாக்கற ஆள் இல்லை. எனக்குப் புரியல,” என்றார் அவர். மங்கைக்கும் புரியவில்லை. தான் செய்வது நல்லதா, வெறும் பயமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அனுப்பினாள்.

ஐந்து வருடத்துக்கு எந்த நல்கைக்கும் விண்ணப்பிக்கத் தடை என்று கடிதம் வந்தது. தவளை மறுபடியும் ‘பதிவாகாதது’ பட்டியலுக்குப் போனது; இனி வருபவர் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜீப்புகள் திரும்பிப் போயின. மங்கை புறப்பட்ட அன்று சகாயமேரி அரைக் கிலோ தேயிலைத்தூளைத் துணிப் பையில் கட்டிக் கொடுத்தாள். பஸ் கிளம்பும்போது அவள், “நான் மூணுதான் பண்ணேன் டாக்டரம்மா. நீங்க நம்பணும்,” என்றாள்.

“நம்புறேன்க்கா,” என்றாள் மங்கை.

அதன்பிறகு அவள் பொள்ளாச்சியில் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் உயிரியல் எடுத்தாள். ஒரு வகுப்பில் எண்பது பேர். தெளிவாகச் சொல்லித்தருகிறார் என்று பிள்ளைகளிடம் நல்ல பேர். அம்மா இப்போதெல்லாம் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“மங்கையர்க்கரசி மேடமா? என் பேர் அபுதாஹிர். கீழக்கரை. மூங்கிலாறு தவளை ஆய்வு இப்ப எங்கிட்டதான் மேடம் இருக்கு. தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்.”

“சொல்லுங்க.”

“உங்க அறிக்கையைப் படிச்சிட்டுத்தான் வந்தேன். அதனால ரொம்ப ஜாக்கிரதையா இருந்தேன் மேடம். நானேதான் எடுத்தேன். உள்ளூர் ஆட்கள் யாரையும் கிட்ட விடல, சகாயமேரி அக்காவைக் கூட. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கையுறை. அங்கேயே சீல் வச்சு, பூட்டி, சாவி எங்கிட்ட. பதினாறு தவளை.”

“சரி.”

“ஒரு பாதி எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கு மேடம். இன்னொரு பாதி ஒவ்வொண்ணுலயும் வேற. நீங்க எழுதியிருந்தீங்களே, அதேதான். எங்க கலக்குதுன்னே தெரியல. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்கு.”

மங்கைக்குத் தன் பழைய குறிப்பேடு நினைவுக்கு வந்தது.

“பதினாறும் பெண்ணா?” என்று கேட்டாள்.

“ஆமா மேடம்! எப்படித் தெரியும்? ஒரு ஆண் கூடக் கிடைக்கல. சீசன் தப்போன்னு நினைச்சேன்.”

அவளுடைய பதினொன்றும் பெண். குறிப்பேட்டில் தானே எழுதியிருந்தாள். எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தாள்.

இந்தத் தவளையில் ஆணே கிடையாது. பக்கத்தில் இருக்கும் வேறு இனத்து ஆண்களோடு சேர்ந்து முட்டையிடுகிறது. அந்தத் தகப்பனின் பாதி, பிறந்த தவளையின் உடம்பில் அதன் ஆயுள் முழுக்க இருக்கும். ஆனால் அது தன் முட்டைகளை உண்டாக்கும்போது அந்தப் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தாயின் பாதியை மட்டும் கொடுக்கும். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஒரு தகப்பனைக் கடன் வாங்கும். ஐரோப்பாவில் ஏதோ ஒரு தவளையில் ஏறக்குறைய இப்படி ஒன்று உண்டு என்று முதுகலையில் படித்திருக்கிறாள். நம் மலைகளில் யாரும் பார்த்ததில்லை. அதைத்தான் அவள் பத்தொன்பது மாதம் கண்முன்னால் வைத்துக்கொண்டு அழுக்கு என்று நினைத்திருந்தாள். எட்டு மாதிரிகளும் சுத்தம். இந்தத் தவளைக்கு முடிவான தொகுதி என்று ஒன்று இல்லவே இல்லை. எத்தனை தவளையை எடுத்தாலும் அத்தனை விடை வரும்.

வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். கண்டுபிடிப்பில் அவள் பேர் இருக்கும். கிருபாகரன் இன்றைக்கே கூப்பிடுவார்.

“மேடம், இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“கலப்பினமா இருக்குமோன்னு கூட யோசிச்சேன். ஆனா கலப்பினம்னா ஒரே அப்பா இனம்தானே இருக்கணும்? இங்க நாலு வருது. அதனால விட்டுட்டேன். நல்லவேளை மேடம், கலப்பினம்னு ஆயிருந்தா ஆய்வே போயிருக்கும்.”

“ஏன்?”

“சட்டத்துல இனத்துக்குத்தானே பாதுகாப்பு? கலப்பினம்னு ஒரு வரி எழுதினா பட்டியல்லருந்தே தூக்கிருவாங்க. அப்புறம் பதிவு எதுக்கு, நான் எதுக்கு? அடுத்த வாரமே அணை வேலை ஆரம்பிச்சிரும்.”

அவள் சொல்லவிருந்த இரண்டு வாக்கியத்துக்கும் அந்தச் சட்டத்தில் கலப்பினம் என்றுதான் பெயர். மணி அடித்தது. எதிர் வகுப்பிலிருந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மங்கை அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள். அந்தப் பையனுக்கு இருபத்தொன்பது, முப்பது வயது இருக்கும். அவனுக்கும் ஓர் அம்மா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்திருக்கலாம். அவனுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

“நான் என்ன பண்ணட்டும் மேடம்? ஏதாவது சொல்லுங்க.”

“மறுபடி எடுத்துப் பாருங்க,” என்றாள்.

“பதினாறையுமா?”

“ஆமா. முதல்லருந்து.”

“சரி மேடம். எடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்கும் இதே குழப்பம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்புறம் எப்பத் தெளிஞ்சுது?”

“தெளியல,” என்றாள் மங்கை.

“அப்ப எனக்கு மட்டும் இல்லை,” என்று அவன் மெல்லச் சிரித்தான். “இப்பதான் மேடம் கொஞ்சம் தைரியமா இருக்கு. ரொம்ப நன்றி.”

அவன் மனசாரத்தான் சொன்னான். அந்த நன்றியைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.